பிக்கோலோவின் உச்ச ட்ரில்களுக்கு மாற்று ஃபிங்கரிங்கை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

ஃப்ளூட்டின் சின்னத் தங்கையான பிக்கோலோவை வாசிக்க ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் மூன்றாம் ஆக்டேவ் ட்ரில்தான், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது. கீழேயும் நடுவிலும் ஒரு விரலைத் தட்டினால் ட்ரில் வந்துவிடும். மேலே போனால் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கே கை முழுக்க மாற வேண்டியிருக்கிறது. உடனே எல்லோரும், எந்த ட்ரில்லுக்கு எந்த விரல்பிடி (ஃபிங்கரிங்) என்று காட்டும் ஒரு ட்ரில் சார்ட்டைத் தேடிப் பிடிக்கிறார்கள். சார்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் ஃப்ளூட்டுக்காக எழுதப்பட்டவை. பிக்கோலோவுக்கென்றே எழுதியதாக இருந்தாலும் அது எழுதியவர் கையிலிருந்த வாத்தியத்துக்குச் சரி, உங்களுடையதில் அதே ஃபிங்கரிங் கால் ஸ்வரம் தள்ளிப் பேசலாம், பேசாமலே போகலாம். அதனால் சார்ட்டை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு ட்ரில்லுக்கு என்னென்ன ஃபிங்கரிங் சாத்தியம் என்று நீங்களே கணக்குப் போட்டுத் தேடும் முறையைக் கற்றுக்கொள்வதுதான் நெடுநாள் உதவும். கணக்கு எளிது, பத்துவரை எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில் குறியீடுகளைப் பேசி வைத்துக்கொள்வோம். ஸ்வரப் பெயர்கள் எல்லாம் தாளில் எழுதியிருப்பதைக் குறிப்பவை. காதில் கேட்பது அதற்கும் ஓர் ஆக்டேவ் மேலே. பியானோவின் நடு சி-யை சி4 என்று வைத்தால், பிக்கோலோவின் கடைசிக் கீழ் ஸ்வரம் டி4, நாம் பேசப்போவது டி6-லிருந்து சி7 வரை உள்ள பகுதி. இடது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் இ1, இ2, இ3 (இ4, இ6 என்று வந்தால் அவை E ஸ்வரங்கள், விரல்கள் அல்ல). வலது கையில் அவையே வ1, வ2, வ3. இடது கட்டைவிரலைக் கட்டை என்றும், இடது சுண்டுவிரல் தொடும் கீயை ஜி ஷார்ப் கீ என்றும், வலது சுண்டுவிரல் தொடும் கீயை டி ஷார்ப் கீ என்றும் சொல்கிறேன். வலது கை விரல்களுக்கு இடையில் இரண்டு சின்ன ட்ரில் கீகள் இருக்கும். வ1-க்கும் வ2-க்கும் நடுவில் இருப்பது முதல் ட்ரில் கீ, அதற்கு அடுத்தது இரண்டாவது.

சரி, மேலே ஏன் இவ்வளவு சிக்கல்? எஃப்6 பிடித்துப் பாருங்கள்: கட்டை, இ1, இ3, வ1, டி ஷார்ப் கீ. இப்போது ஜி6: கட்டையை எடுத்துவிட்டு இ1, இ2, இ3, டி ஷார்ப் கீ. அதாவது கட்டையும் வ1-ம் மேலே எழ, அதே கணத்தில் இ2 கீழே இறங்க வேண்டும். எஃப் ஷார்ப்6-லிருந்து ஜி ஷார்ப்6 போவது இன்னும் மோசம், கட்டையும் இ1-ம் வ3-ம் எழ வேண்டும், இ2-ம் இடது சுண்டுவிரலும் இறங்க வேண்டும். விரல்கள் எல்லாம் ஒரே திசையில் போனால் எத்தனை விரலானாலும் ஓரளவு வேகம் வரும். எதிரெதிர்த் திசையில் போகும்போதுதான் நடுவில் வேறொரு ஸ்வரம் பல்லிளிக்கிறது. பயிற்சியால் இதைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் ட்ரில் வேகத்தில் முழுதாக ஒழிக்க முடியாது. ஆகவே நமக்குத் தேவை, ஒரு விரலோ ஒரே திசையில் போகும் இரண்டு விரல்களோ மட்டும் அசைந்து இரண்டு ஸ்வரத்தையும் தரும் ஒரு பிடி.

அந்தப் பிடியைத் தேடும் முன் மேல் ஸ்வரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஜி4 பிடித்துக்கொண்டு ஊதும் காற்றை மட்டும் வேகமாக்கினால் ஜி5 வரும், அப்புறம் டி6, அப்புறம் ஜி6. ஒரே குழாய் நீளம், அதன் அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்குகள்; இவற்றைத்தான் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஹார்மோனிக் என்கிறோம். மூங்கில் புல்லாங்குழலில் மேல் ஸ்தாயிக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சங்கதி கைவந்ததுதான், இங்கே அதையே இன்னும் இரண்டு மூன்று படி மேலே கொண்டுபோகிறோம். நீங்கள் கற்றுக்கொண்ட வழக்கமான ஜி6 ஃபிங்கரிங் வேறொன்றும் இல்லை, ஜி4-இன் நான்காம் ஹார்மோனிக் எளிதாகப் பேசட்டும் என்று கட்டைவிரல் துளையைத் திறந்து வைத்தது. இ ஃப்ளாட்6-க்கு எல்லா விரலையும் மூடி ஜி ஷார்ப் கீயைத் திறக்கிறோமே, அது இ ஃப்ளாட்4-இன் நான்காம் ஹார்மோனிக், ஜி ஷார்ப் துளை அதன் மூச்சுத் துளை. டி6 மட்டும் வேறு குடும்பம், அது ஜி4-இன் மூன்றாம் ஹார்மோனிக், இ1-ஐ எடுப்பது அதற்கான துளை. இப்படி எல்லா உச்ச ஃபிங்கரிங்குக்கும் கீழே ஒரு தாய் ஸ்வரம் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது முதல் படி. ட்ரில்லின் இரண்டு ஸ்வரங்களையும் சேர்த்து அப்படியே கீழே இறக்குங்கள். எவ்வளவு இறக்குவது என்பதற்கு நான்கு வழி, ஹார்மோனிக்கின் எண்ணாலேயே வழியையும் அழைக்கிறேன்:

மூன்றாம் ஹார்மோனிக் என்றால் ஓர் ஆக்டேவும் ஒரு பஞ்சமமும் கீழே.
நான்காம் ஹார்மோனிக் என்றால் இரண்டு ஆக்டேவ் கீழே.
ஐந்தாம் ஹார்மோனிக் என்றால் இரண்டு ஆக்டேவும் ஓர் அந்தர காந்தாரமும் கீழே.
ஆறாம் ஹார்மோனிக் என்றால் இரண்டு ஆக்டேவும் ஒரு பஞ்சமமும் கீழே.

இறக்கிய ஜோடியில் எது கீழே ஒரு விரலில் வரும் சுலபமான ட்ரில்லோ, அதுதான் உங்கள் முதல் வேட்பாளர். கணக்கில் டி4-க்குக் கீழே போய்விட்டால் அந்த வழி பிக்கோலோவுக்கு இல்லை, அதை அடித்துவிடுங்கள்.

நம்மைப் படுத்திய எஃப்6 – ஜி6 ட்ரில்லையே எடுத்துக்கொள்வோம். நான்காம் வழியில் இறக்கினால் எஃப்4 – ஜி4, அது வ1 மட்டும் அசையும் ட்ரில். மூன்றாம் வழியில் இறக்கினால் பி ஃப்ளாட்4 – சி5, அதில் அசைவது கட்டைவிரல் மட்டும். ஐந்தாம் வழியில் டி ஃப்ளாட்4 வேண்டும், நம்மிடம் அது இல்லை. ஆக இரண்டு வேட்பாளர்கள். மூன்று விரல் சண்டையாக இருந்தது, இரண்டிலுமே ஒரு விரல் வேலையாகிவிட்டது. இரண்டையும் ஊதிப் பாருங்கள். பொதுவாகக் குறைந்த எண் ஹார்மோனிக் சட்டென்று பிடிக்கும், எண் ஏற ஏறக் காற்றின் வேகமும் உதட்டின் குறியும் துல்லியமாக இருக்க வேண்டும். அதனால் பி ஃப்ளாட் – சி வழியை முதலில் முயல்வது நல்லது. பி ஃப்ளாட்டை வ1 கொண்டு ஒரு முறையும், கட்டைவிரலின் பி ஃப்ளாட் கீ கொண்டு ஒரு முறையும் பிடித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி பேசும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எஃப் ஷார்ப்6 – ஜி ஷார்ப்6: மூன்றாம் வழியில் பி4 – சி ஷார்ப்5. கட்டையும் இ1-ம் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே இறங்கும், கிள்ளுவது போன்ற அசைவு, கொஞ்சம் பழகினால் வேகம் வரும். ஐந்தாம் வழியில் டி4 – இ4, வலது சுண்டுவிரலை எடுத்தே வைத்துவிட்டு வ3 மட்டும் அசைந்தால் போதும். ஆனால் ஐந்தாம் ஹார்மோனிக் இயல்பாகவே நம் சம சுருதியைவிடச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) தாழ்ந்திருக்கும், அதைக் காற்றாலோ வேறு விரலாலோ தூக்க வேண்டியிருக்கும். மூன்றாம், ஆறாம் ஹார்மோனிக்குகள் கணக்கின்படி 2 சென்ட்தான் உயர்வு, அதைக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏழாவதை நான் வழிகளில் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் அது சுமார் 31 சென்ட் தாழ்வு. இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிஜக் குழாயில் துளைகளும் கூம்பு வடிவமும் சேர்ந்து ஹார்மோனிக்கை இங்குமங்கும் நகர்த்தும், அதனால் காதும் ட்யூனரும்தான் கடைசித் தீர்ப்பு.

ஜி6 – ஏ ஃப்ளாட்6 போன்ற அரை ஸ்வர ட்ரில்லுக்குத் தேர்வே திண்டாட்டமாக இருக்கும் அளவுக்கு வழி உண்டு. நான்காம் வழியில் ஜி4 – ஏ ஃப்ளாட்4, இடது சுண்டுவிரல் ட்ரில். மூன்றாம் வழியில் சி5 – டி ஃப்ளாட்5, இ1 ட்ரில். ஐந்தாம் வழியில் இ ஃப்ளாட்4 – இ4, வ3 ட்ரில். சுண்டுவிரல் எல்லோருக்கும் மெதுவானது, எனவே கையை யோசித்தால் மூன்றாம் வழி, சுருதி சரியில்லையென்றால் மற்றவை.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டி6 – இ6 என்றால் ஜி4 – ஏ4-இன் மூன்றாம் ஹார்மோனிக், இ3 அசையும். இ6 – எஃப்6 என்றால் இ4 – எஃப்4-இன் நான்காவது, வ2. இ6 – எஃப் ஷார்ப்6 என்றால் ஏ4 – பி4-இன் மூன்றாவது, இ2. ஜி6 – ஏ6 என்றால் ஜி4 – ஏ4-இன் நான்காவது, இ3. ஏ ஃப்ளாட்6 – பி ஃப்ளாட்6 என்றால் இ4 – எஃப் ஷார்ப்4-இன் ஐந்தாவது, இ4 பிடியில் வ2-வை மூடியே வைத்து வ1-ஐ மட்டும் தட்ட வேண்டும். ஏ6 – பி6-க்கு எஃப்4 – ஜி4-இன் ஐந்தாவது, அல்லது டி4 – இ4-இன் ஆறாவது. பி ஃப்ளாட்6 – சி7 வந்தால் இ ஃப்ளாட்4 – எஃப்4-இன் ஆறாவது, வ2-ம் வ3-ம் சேர்ந்து. கடைசி மூன்றும் சும்மா கிடைத்துவிடாது, வயிற்றிலிருந்து காற்று வேண்டும்.

இரண்டாம் படி, கிடைத்த வேட்பாளரைச் செதுக்குவது. வெறும் ஹார்மோனிக் பிடி பல சமயம் கீழ் ஹார்மோனிக்குக்கு வழுக்கி விழும். அப்போது ஒரு மூச்சுத் துளை திறக்க வேண்டும். நான்காம் ஹார்மோனிக்குக்கு அந்தத் துளை எங்கே என்று தெரிந்துகொள்ள, தாய் ஸ்வரத்திலிருந்து ஒரு மத்தியமம் மேலே எண்ணுங்கள். ஜி-க்கு சி துளை, அதாவது கட்டை. இ-க்கு ஏ துளை, அதாவது இ3. இ ஃப்ளாட்டுக்கு ஏ ஃப்ளாட் துளை, அதாவது ஜி ஷார்ப் கீ. வழக்கமான ஃபிங்கரிங்குகள் இதைத்தான் செய்கின்றன என்று இப்போது தெரிந்திருக்கும். ஆகவே ஜி6 – ஏ6-க்கு வழக்கமான ஜி6-ஐயே, கட்டை திறந்தபடி, பிடித்துக்கொண்டு இ3-ஐத் தட்டிப் பார்ப்பதும் ஒரு நியாயமான முயற்சி. ட்ரில்லின் ஒரு ஸ்வரத்துக்குத் துளை பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது என்பது அடிக்கடி நடக்கும். எந்த ஸ்வரம் வழுக்குகிறதோ அதற்குப் பொருந்தும் துளையைத் தேர்ந்தெடுங்கள்.

சுருதி உயர்ந்திருந்தால், திறந்திருக்கும் முதல் துளைக்குக் கீழே உள்ள விரல்களை ஒன்றிரண்டாக மூடிப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கும். டி ஷார்ப் கீயை விடுவதும் சற்றே இறக்கும். ஜி ஷார்ப்6-க்கு வழக்கமான பிடியோடு வ2, வ3 சேர்த்துப் பிடிப்பதும், எஃப் ஷார்ப்6-க்கு வ3-க்குப் பதில் வ2 வைப்பதும் பிக்கோலோ வாசிப்பவர்களிடம் சகஜம். இவற்றை ட்ரில் இல்லாத இடத்திலும் பழகி வையுங்கள், ட்ரில்லுக்கு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இவை உதவும்.

ஹார்மோனிக் வழி எதுவும் ஒத்துவரவில்லையா, மூன்றாம் படிக்குப் போங்கள். இது பொறுமை வேலை. ட்ரில்லின் கீழ் ஸ்வரத்தை வழக்கமான ஃபிங்கரிங்கில் நிலையாக ஊதிக்கொண்டே, ஒரே ஒரு விரலை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூடியிருப்பதைத் திறக்கவும், திறந்திருப்பதை மூடவும். வாத்தியத்தைத் தாங்கும் வலது கட்டைவிரலை விட்டால் வேலை செய்யும் விரல் 9, அவற்றோடு முதல் ட்ரில் கீ, இரண்டாவது ட்ரில் கீ, இரண்டும் சேர்த்து என மொத்தம் 12 மாற்றங்கள்தான். ஒவ்வொன்றிலும் என்ன ஸ்வரம் வந்தது, எத்தனை சென்ட் ஏறியது இறங்கியது என்று எழுதுங்கள். உங்களுக்கு வேண்டிய மேல் ஸ்வரத்துக்கு அருகில் எது போகிறதோ அதை இரண்டாம் படியின் வழியில் செதுக்குங்கள். ட்ரில் கீகளை முதலில் முயலுங்கள், அவை சின்னத் துளைகள், குழலின் மேல் முனையில் இருப்பவை, ஸ்பிரிங்கும் இலேசானது, அதனால் வேறெந்த விரலையும்விட வேகமாகத் தட்டலாம்.

ஃப்ளூட் சார்ட்டிலிருந்து எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு எடுங்கள். பிக்கோலோவுக்கு ஃப்ளூட்டைப் போல வால் பகுதி கிடையாது, எனவே கீழ் சி, சி ஷார்ப் கீகளையும் கிஸ்மோ கீயையும் (வால் பகுதியின் கடைசித் துளையை மட்டும் மூடுவது) பயன்படுத்தும் ஃபிங்கரிங் எல்லாம் வீண். அடுத்தது குழாயின் வடிவம். ஜெர்மன் ஃப்ளூட் தயாரிப்பாளர் தியோபால்ட் போம் 1847-இல் ஃப்ளூட்டின் உடலை நேர்க்குழாயாக மாற்றிவிட்டார். பிக்கோலோக்களில் பெரும்பாலானவை, குறிப்பாக மரத்தாலானவை, இன்றும் கீழே போகப்போகக் குறுகும் கூம்புக் குழாய்தான். கீகள் ஒன்றுபோல இருந்தாலும் மூன்றாம் ஆக்டேவில் இரண்டும் வேறு வேறாகச் சுருதி பேசுவதற்கு இது முக்கியக் காரணம். மூன்றாவது, உங்கள் வாத்தியத்தில் ஸ்ப்ளிட் இ இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான கீ அமைப்பில் இரண்டு ஜி துளைகள் ஒன்றாகவே திறந்து மூடும், இ6 தடுமாறுவது அதனால்தான். ஸ்ப்ளிட் இ இருந்தால் இ3 திறந்திருக்கும்போது வ2 கீழ் ஜி துளையை மூடிவிடும். இ6-க்கு அது வரம், ஆனால் இ3 திறந்து வ2 மூடும் எந்த மாற்று ஃபிங்கரிங்கும் ஸ்ப்ளிட் இ இல்லாத வாத்தியத்தில் ஒரு மாதிரியும் உங்களிடம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும்.

இப்போது சோதனை. முதலில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், குறைந்தபட்சம் வலது காதுக்காவது. தாளில் ஜி6 என்று இருப்பது நிஜத்தில் சுமார் 3136 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, ஏ6 என்பது 3520 ஹெர்ட்ஸ். சின்ன அறையில் ஒரே ட்ரில்லைத் திரும்பத் திரும்ப ஊதிச் சோதிப்பது காதுக்கு நிஜமாகவே கெடுதல். நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள், பெரிய அறை கிடைத்தால் அங்கே செய்யுங்கள். இதை யாரும் புதியவர்களுக்கு அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மரப் பிக்கோலோவாக இருந்தால் சூடாகும்வரை கீழ் ஸ்வரங்களை வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள், குளிர்ந்த வாத்தியத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. துளையை மூடும் மெத்தை (பேட்) எங்காவது காற்றை விடுகிறதா என்றும் பாருங்கள். கசிவு இருக்கும் வாத்தியத்தில் நல்ல ஃபிங்கரிங்கும் பேசாது, நீங்கள் ஃபிங்கரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் புதிய பிடியின் இரண்டு ஸ்வரங்களையும் தனித்தனியாக நீட்டி ஊதி ட்யூனரில் பாருங்கள், பிறகு ஒரு நொடிக்கு ஒரு மாற்றம் என்று மெதுவாக, பிறகுதான் வேகமாக. ஃபோனை அறையின் மறுமூலையில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள், வாயருகில் கேட்பதும் தூரத்தில் கேட்பதும் ஒன்றல்ல. மெல்லிய ஒலியில் ஒரு முறை, உரத்த ஒலியில் ஒரு முறை. ஃபோர்ட்டிசிமோவில் அருமையாக வரும் ஆறாம் ஹார்மோனிக் மெல்லிய ஒலியில் வாயே திறக்காது, எனவே ஒரே ட்ரில்லுக்கு இரண்டு ஃபிங்கரிங் வைத்திருப்பது சாதாரண விஷயம்.

எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டால் என் வரிசை இது: முதலில் ஸ்வரம் தயங்காமல் பேச வேண்டும். அடுத்தது ட்ரில்லின் சீரான ஓட்டம். அதற்கடுத்து முதன்மை ஸ்வரத்தின் சுருதி. மேல் ஸ்வரத்தின் சுருதி கடைசி. வேகமாக ஓடும் ட்ரில்லில் மேல் ஸ்வரம் 15 சென்ட் தள்ளி இருப்பதை அரங்கில் இருப்பவர் கவனிப்பது அரிது, ட்ரில் நடுவில் அறுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மெதுவான பகுதியில் நீண்ட ட்ரில் என்றால் மட்டும் இந்த வரிசை மாறும், அங்கே இரண்டு சுருதியும் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும், கொஞ்சம் கடினமான ஃபிங்கரிங் ஆனாலும் அதைத்தான் எடுக்க வேண்டும்.

நீண்ட ட்ரில்லில் கேட்பவர் காதில் நிற்பது தொடக்கமும் முடிவும்தான். அதனால் முதல் ஸ்வரத்தை வழக்கமான ஃபிங்கரிங்கில் ஒரு கணம் நிறுத்திச் சுருதியை நிலைநாட்டி, ட்ரில்லுக்குள் மாற்றுப் பிடிக்கு நழுவி, முடிவில் வரும் இரண்டு முத்தாய்ப்பு ஸ்வரங்களுக்கு மறுபடி வழக்கமான பிடிக்கு வந்துவிடுங்கள். இந்த இரண்டு மாற்றங்களையும் ட்ரில்லைவிட அதிக நேரம் பழக வேண்டும், ஃபிங்கரிங் பிரமாதமாக இருந்தும் வெளியே வரும் இடத்தில் தடுக்கி விழுபவர்களை நிறையப் பார்க்கலாம். சில ஃபிங்கரிங்குகளிலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போவதே முடியாது, அப்படியானால் சுருதி சற்றுக் குறைந்த இன்னொன்றை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

விரலை உயரத் தூக்காதீர்கள், பிக்கோலோவின் கீகள் சிறியவை, திறக்கும் உயரமும் குறைவு, பெரிய அசைவு வேகத்தைத்தான் கெடுக்கும். ட்ரில் ஆரம்பித்ததும் உதட்டை இறுக்குகிறீர்களா என்று கண்ணாடியில் பாருங்கள். ட்ரில் அறுவதற்குப் பல நேரம் காரணம் விரல் அல்ல, விரலைக் கவனிக்கும் பதற்றத்தில் காற்று தளர்ந்துபோவதுதான். மேல் ஸ்வரத்தை மட்டும் நீட்டி ஊதி, அதற்குத் தேவையான காற்றை முழு ட்ரில்லுக்கும் கொடுத்துப் பாருங்கள், வேறெதையும் மாற்றாமலே சரியாகிவிடுவது உண்டு.

கண்டுபிடித்ததை உடனே பென்சிலால் எழுதுங்கள், இசைத்தாளில் அந்த ட்ரில்லுக்கு மேலே அசையும் விரலை மட்டும் வட்டமிட்டுக் குறித்தால் போதும், மேடையில் அதற்குமேல் படிக்க நேரம் இருக்காது. தனியாக ஒரு நோட்டில் முழு ஃபிங்கரிங், எந்த ஒலியளவில் பேசுகிறது, எத்தனை சென்ட் தள்ளி இருக்கிறது என்பதைப் பதியுங்கள். வாத்தியம் மாறினாலோ தலைப்பகுதி மாறினாலோ எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். அப்படியும் ஒரு ட்ரில் எந்தப் பிடிக்கும் மசியவில்லையென்றால் இசைக்குழு நடத்துநரிடம் போய் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதே ட்ரில்லை முதல் ஃப்ளூட் ஓர் ஆக்டேவ் கீழே வாசிக்க, நீங்கள் மேலே முதன்மை ஸ்வரத்தை மட்டும் நீட்டிப் பிடித்தால் பல இடங்களில் வேலை முடிந்துவிடும்.